எல்லையோரக் கடையும் வரி வக்கீலும்

"எங்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். வக்கீல் எதற்கு?" என்று நம் வணிகர்களில் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். மாதாமாதம் ரிட்டர்ன் போய்விடுகிறது. ஆண்டு முடிந்தால் வருமான வரிக் கணக்கும் போய்விடுகிறது. நோட்டீஸ் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கடை வளரத் தொடங்கியதும் எழுகிற கேள்விகளில் பாதி கணக்குக் கேள்விகள் அல்ல. இரண்டாவது கடையை எங்கே திறப்பது, யார் பெயரில் திறப்பது, மைத்துனரைப் பங்குதாரராகச் சேர்ப்பதா அல்லது சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதா, வெளியூர்க் கடைக்காரருக்குக் கடனில் சரக்குக் கொடுத்தால் எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் சட்டக் கேள்விகள். கணக்கு எழுதும்போது இவற்றுக்குப் பதில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். எழுதுபவர் முடிந்துபோனதைத்தான் எழுதுகிறார்.

தவளக்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி - கடலூர் சாலையில் உள்ள ஊர். அதே சாலையில் தெற்கே போய் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. நம் புதுச்சேரிப் பகுதியே தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கிறது. வாடிக்கையாளர் இரு பக்கமிருந்தும் வருகிறார், சரக்கும் இரு பக்கமும் போகிறது. வாங்குகிறவருக்கு இது ஒரே வட்டாரம், ஒரே பஸ் ரூட்டு. வரிச் சட்டத்துக்கோ இது இரண்டு தனித்தனி எல்லை. ஆகவே சென்னையில் நடுத்தெருவில் கடை வைத்திருப்பவருக்கு வராத சிக்கல் இங்கே ஒரு பெட்டிக்கடைக்காரருக்கும் வரலாம்.

முதல் வித்தியாசம் பதிவிலேயே தொடங்குகிறது. சரக்கு விற்பவர் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்ற சலுகை 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் உண்டு. புதுச்சேரி அந்தச் சலுகைக்குள் வரவில்லை. இங்கே வரம்பு ரூ.20 லட்சம்தான். கடலூர்க் கடைக்காரர் பதிவில்லாமல் நடத்தும் அதே அளவு வியாபாரத்தைத் தவளக்குப்பத்துக் கடைக்காரர் பதிவில்லாமல் நடத்த முடியாது. விற்றுமுதல் என்பதில் வரி இல்லாத சரக்கும் சேரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காய்கறியோடு மளிகையும் விற்பவர் காய்கறி விற்பனையையும் கூட்டித்தான் ரூ.20 லட்சத்தைப் பார்க்க வேண்டும். உறவினர் கடலூரில் "நாற்பது வரைக்கும் கவலையில்லை" என்று சொன்னார் என்பதற்காக இங்கே சும்மா இருந்தவருக்கு வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்து வரும்.

அடுத்தது, வெளிமாநில விற்பனை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வரியுள்ள சரக்கை விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பதிவு பெற்றாக வேண்டும் என்பது பொது விதி. காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு வெளிமாநில விற்பனையே கூடாது. ரூ.1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ள கடைக்காரர் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பதால் நம் பகுதியில் பலருக்கு இந்த முறை பிடிக்கும். சரக்கு முள்ளோடைக்கு வடக்கே நிற்கும்வரை அது நல்ல முறைதான். கடலூர் ஓட்டல்காரர் ஒருவருக்கு மாதாமாதம் எண்ணெயும் பருப்பும் அனுப்பத் தொடங்கினால் அந்த நாளிலேயே அந்தச் சலுகைக்கான தகுதி போய்விடுகிறது. அவர் கேட்டார், நாம் அனுப்பினோம், அவ்வளவுதானே என்று தோன்றும். இரண்டு ஆண்டு கழித்து, தகுதி போன நாளிலிருந்து முழு விகிதத்தில் வரி கேட்டு நோட்டீஸ் வரும்போது ஓட்டல்காரரிடம் போய் அந்த வரியை வசூலிக்க முடியாது.

கடைக்கு நேரில் வந்து வாங்கிப் போகும் கடலூர்க்காரர் விஷயம் வேறு. பதிவில்லாத சாதாரண நுகர்வோருக்கு விற்றால், பில்லில் எழுதப்பட்ட முகவரி எந்த மாநிலமோ அதுவே விற்பனை இடம், முகவரி எழுதப்படாவிட்டால் விற்பவரின் ஊரே விற்பனை இடம் என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். ரூ.50,000-க்கு மேற்பட்ட பில் என்றால் பதிவு பெற்ற கடைக்காரர் முகவரி எழுதாமல் விடவும் முடியாது. கவுன்டரில் இருக்கும் பையனுக்கு இது தெரிந்திருக்கிறதா என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாங்குபவர் பதிவு பெற்ற வணிகராக இருந்து, தன் வண்டியிலேயே சரக்கை ஏற்றிப் போனால் என்ன? சரக்கை யார் ஏற்றிச் சென்றாலும், வாங்குபவரிடம் ஒப்படைப்பதற்கான பயணம் எங்கே முடிகிறதோ அதுவே விற்பனை இடம் என்கிறது சட்டம். ஒப்படைப்பு கடை வாசலிலேயே முடிந்துவிட்டது என்று வாதிடுவோரும் உண்டு. இந்த இடத்தில்தான் ஆர்டர், பில், ஈ-வே பில் மூன்றிலும் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்பது வழக்கையே முடிவு செய்யும். வக்கீல் இந்தக் காகிதங்களை வழக்கு வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் போதும், பிறகு வாதமே தேவைப்படாது.

தவறாகப் போட்டால் நஷ்டம் யாருக்கு? ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய இடத்தில் சி.ஜி.எஸ்.டி.யும் புதுச்சேரி எஸ்.ஜி.எஸ்.டி.யும் போட்டு பில் கொடுத்தால் கடலூர் வணிகர் அந்த வரியை வரவு எடுக்க முடியாது. ரூ.1 லட்சம் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் ரூ.5,000 அவருக்குப் போய்விடும். அவர் நம்மோடு சண்டை போடமாட்டார். அடுத்த லோடைக் கடலூரிலேயே வாங்கிக்கொள்வார். நமக்கோ, சரியான வரியைப் புதிதாகக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பப் பெற மனுப் போட வேண்டிய நிலை. அப்படி மாற்றிக் கட்டும்போது வட்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் திரும்பக் கேட்பதற்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு. அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு நேர்மாறாக, காரைக்காலுக்கு அனுப்பினால் லாரி தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடந்துதான் போகும். ஆனாலும் அது உள்மாநில விற்பனை. மாகேக்கும் ஏனாமுக்கும் அப்படியே. வழியில் எத்தனை மாநிலம் வந்தாலும் புறப்படும் இடமும் சேரும் இடமும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியாக இருந்தால் போதும்.

ஒரு புதுச்சேரி வணிகரின் வழக்கு

வரி வக்கீல் என்ன செய்வார் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்த வழக்கு ஒரு புதுச்சேரி வணிகருடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவிடம் நடைமுறையில் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஒன்றியப் பகுதியாகச் சட்டமன்றமும் கிடைத்தது. 1965-இல் அந்தச் சட்டமன்றம் புதுச்சேரி பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. புதிதாக ஒரு சட்டத்தை எழுதுவதற்குப் பதிலாக, 1959-ஆம் ஆண்டின் சென்னை விற்பனை வரிச் சட்டம், இங்கே அது அமலுக்கு வரும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே புதுச்சேரிக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எப்போது அமலுக்கு வரும் என்பதை அரசு அறிவிக்கும்.

1966 மார்ச் 1-இல் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 1 முதல் அமல். ஆனால் இடையில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டிருந்தது. ஆக, புதுச்சேரி உறுப்பினர்கள் எந்தச் சட்டத்தைப் பார்த்துக் கைதூக்கினார்களோ அது வேறு, ஏப்ரல் 1 முதல் புதுச்சேரி வணிகர் தலையில் வந்து விழுந்தது வேறு. பி. ஷாமா ராவ் என்ற மதுபான வணிகருக்கு, டீலராகப் பதிவு செய்துகொள்ளுமாறு நோட்டீஸ் வந்தது. வேறொருவராக இருந்தால் பதிவு செய்து வரியைக் கட்டியிருப்பார், அல்லது விகிதத்தைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருப்பார். அவர் தரப்பில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. இன்னொரு மாநிலச் சட்டமன்றம் நாளைக்கு என்ன எழுதினாலும் அது எங்கள் சட்டம் என்று ஒரு சட்டமன்றம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள முடியுமா?

வழக்கு நடக்கும்போதே 1966-இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து குறையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். 1967 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், புதுச்சேரிச் சட்டமன்றம் தன் அதிகாரத்தை முழுவதுமாகச் சென்னையிடம் ஒப்படைத்துவிட்டது, ஆகவே 1965-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தனர். பிறக்கும்போதே உயிரில்லாத சட்டத்தைத் திருத்தத்தால் உயிர்ப்பிக்க முடியாது என்பதும் அவர்கள் முடிவு. மற்ற இரு நீதிபதிகள் வேறு கருத்துக் கொண்டிருந்தனர்.

எவ்வளவு வரி என்பது கணக்கருடைய கேள்வி. வரி கேட்க அதிகாரம் உண்டா என்பது வக்கீலுடைய கேள்வி. அதே சமயம் இந்த வெற்றியின் அளவையும் சொல்லியாக வேண்டும். 1967-லேயே புதுச்சேரி தனக்கென்று ஒரு விற்பனை வரிச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. அது 2007 ஜூலையில் மதிப்புக் கூட்டு வரி வரும்வரை நாற்பதாண்டு நீடித்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வழக்கில் ஜெயித்து வரியே இல்லாமல் வியாபாரம் செய்தவர் யாரும் இல்லை. ஒரு கடையை வளர்க்கும் வேலை பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

சலுகையை நம்பிப் போட்ட முதல்

புதுச்சேரிக்கு வரிச் சலுகை புதிதல்ல. 1990-களில் வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில், தொழில் துறையில் பின்தங்கிய பகுதிகளின் பட்டியலில் புதுச்சேரியும் இருந்தது. இங்கே புதிதாகத் தொழிற்சாலை தொடங்கியவருக்கு முதல் ஐந்தாண்டு லாபத்துக்கு முழு வரிவிலக்கு கிடைத்தது. விற்பனை வரியும் பல சரக்குகளுக்குப் பக்கத்து மாநிலத்தைவிடக் குறைவாக இருந்த காலம் அது. பிறகு மாநிலங்கள் போட்டி போட்டு விகிதத்தைக் குறைக்கக் கூடாது என்று முடிவாகி, 2000 ஜனவரி முதல் நாடு முழுவதும் ஒரே அடிமட்ட விகிதம் வந்தது. இன்று ஜி.எஸ்.டி.யில் பாண்டிச்சேரி விலை என்று வரியால் வரும் வித்தியாசம் கிடையாது. மதுவும் பெட்ரோலியப் பொருள்களும் மட்டும் விதிவிலக்கு.

சலுகையில் தொழில் தொடங்குபவருக்கு நல்ல வக்கீல் சொல்லும் முதல் வார்த்தை, சலுகை முடியும் தேதி. இரண்டாவது, அந்தச் சலுகைக்கு உரிய நிபந்தனைகளில் எது பிற்காலத்தில் தகராறாகும் என்பது. பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்து புதுத் தொழில் என்று காட்டியவர்கள், இருக்கும் தொழிலையே பிரித்து இரண்டாகக் காட்டியவர்கள் எல்லாம் அப்போதும் சிக்கினார்கள்.

பிரித்துக் காட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரூ.20 லட்சம் வரம்பைத் தாண்டாமல் இருக்க ஒரே கடையை மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று மூன்று பில் புத்தகமாகப் பிரிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. சட்டத்தின் எல்லைக்குள் வரியைத் திட்டமிடுவது தவறல்ல, ஆனால் போலி ஏற்பாடுகளைத் திட்டமிடல் என்று ஏற்க முடியாது என்று 1985-இல் மெக்டவல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே கல்லாப்பெட்டி, ஒரே கிடங்கு, ஒரே வேலையாட்கள் என்றால் மூன்று பெயர் பலகை காப்பாற்றாது. என் கருத்தில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. பாங்கிக்குப் போய் நடைமுறை மூலதனக் கடன் கேட்கும்போது மேனேஜர் பார்ப்பது ரிட்டர்னில் உள்ள விற்றுமுதலைத்தான். மூன்றாக உடைத்த கடைக்கு மூன்று சிறிய கடன்கூடக் கிடைப்பது கடினம்.

கடலூரில் கிளை திறக்கும்போது

தவளக்குப்பத்தில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் கடலூரில் கிடங்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்லியனூரில் இரண்டாவது கடை திறந்தால் அதே பதிவில் கூடுதல் இடமாகச் சேர்த்துவிடலாம். கடலூர் என்றால் தமிழ்நாட்டில் தனிப் பதிவு வேண்டும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் இரு வேறு நபர்கள். தன் கிடங்குக்குத் தானே சரக்கு அனுப்பினாலும், ஒரு ரூபாய் வாங்காவிட்டாலும், அது வரிக்குரிய வழங்கல். பில் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. கட்டி, மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால் ஈ-வே பில்லும் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கடலூர்ப் பதிவு முழு வரவு எடுக்கத் தகுதி உள்ளதானால் பில்லில் போட்ட விலையையே மதிப்பாக ஏற்றுக்கொள்வார்கள்.

வரி இறுதியில் வரவாகத் திரும்பி வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தவளக்குப்பத்தில் இந்த மாதமே கட்டுகிறோம், கடலூரில் சரக்கு விற்றால்தான் அந்த வரவு பயன்படும். மெதுவாக நகரும் சரக்கை ஒரேயடியாக அனுப்பிவைத்தால் வரிப் பணமும் கிடங்கிலேயே உட்கார்ந்துவிடும். கடலூரில் மிஞ்சிய வரவைப் புதுச்சேரிப் பதிவுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே கிளையாகத் திறப்பதா, மகன் பெயரில் தனி நிறுவனமாக்கி அவருக்கு விற்பதா, எவ்வளவு சரக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது என்பதை வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் வக்கீலால் விளக்கம்தான் தர முடியும்.

சேர்ந்து தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று. 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டப்படி பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது பணத்துக்கு வழக்குப் போட முடியாது. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்தால் பதிவு ஆகிவிடாது, ஜி.எஸ்.டி. பதிவும் இந்தப் பதிவு ஆகாது. பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் இல்லாவிட்டால் அன்றோடு கலைந்துவிடும். பங்குதாரருக்குச் சம்பளமும் முதலுக்கு வட்டியும் கொடுப்பதைச் செலவாகக் கழிக்க வேண்டுமானால் அதையும் பத்திரம் அனுமதித்திருக்க வேண்டும். வட்டிக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 12 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பங்குதாரருக்கு ஆண்டில் ரூ.20,000-க்கு மேல் சம்பளம், வட்டி, கமிஷன் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பதும் வந்திருக்கிறது. பழைய பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

விற்றவர் வரி கட்டாவிட்டால்

நாம் வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிய சரக்குக்கு, விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டாமல் போனால் நம் வரவு போய்விடும் என்பது இன்றைய சட்டத்தின் மிகக் கசப்பான பகுதி. 2022 ஜனவரி முதல் விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வந்தால்தான் வரவே எடுக்கலாம்.

நாகர்கோவில் வட்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த வணிகர்களுக்கு இதுதான் நேர்ந்தது. வங்கி மூலம் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். விற்றவர் வரி கட்டவில்லை. அதிகாரி வாங்கியவர்கள் மீது பாய்ந்தார். டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் என்ற அந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை, அவர் மீது ஏன் வசூல் நடவடிக்கை இல்லை என்று கேட்டு, உத்தரவுகளை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் நமக்கும் இது பயன்படும் தீர்ப்பு. ஆனால் அந்த வணிகர்களால் அப்படி வாதிட முடிந்ததற்குக் காரணம் அவர்கள் கையில் பணம் கொடுத்த ஆதாரம் இருந்தது. ரொக்கத்தில் வாங்கிய சரக்குக்கு, லாரி ரசீதும் எடைச் சீட்டும் இல்லாத சரக்குக்கு, எந்த வக்கீலும் இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை. நிலையான சப்ளையர்களோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, வரித் தொகை 2பி-யில் தெரிந்த பிறகே அந்தப் பகுதியைக் கொடுப்பது என்று வைத்துக்கொள்வதே நல்ல தற்காப்பு.

அதே சமயம் பணத்தை இழுத்தடிக்கவும் முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளில் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் கெடு இன்னும் குறுகியது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. தாண்டினால் அந்தக் கொள்முதலைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்கலாம். மார்ச் 31-இல் நிற்கும் பாக்கிகளை இதற்காகவே பிப்ரவரியில் ஒருமுறை பட்டியல் எடுக்க வேண்டும்.

நமக்கு வர வேண்டிய பாக்கிக்கும் கெடு உண்டு. சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்றாண்டு. அதற்குள் கடன்காரர் ஒரு பகுதியைக் கட்டித் தன் கையெழுத்தில் அது தெரிந்தாலோ, பாக்கியை எழுதி ஒப்புக்கொண்டாலோ மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஆண்டுதோறும் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். செக் திரும்பினால் பாங்கியின் தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சில் அந்த 30 நாள் போய்விடுவதுதான் நம் கடைவீதிகளில் அதிகம் நடக்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டால்

இப்போது நோட்டீஸ் தபாலில் வருவதில்லை, போர்ட்டலில் வருகிறது. அதிலும் வழக்கமாகப் பார்க்கும் பகுதியில் இல்லாமல் கூடுதல் நோட்டீஸ் என்ற பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டு, பதில் இல்லையென்று உத்தரவும் போட்டு, பாங்கிக் கணக்கு முடங்கிய பிறகே வணிகருக்குத் தெரிந்த வழக்குகள் 2023, 2024 ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏராளம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, மறுவிசாரணைக்கு வாய்ப்புக் கொடுத்து நீதிமன்றம் பலருக்கு உதவியது. அதை உரிமையாக எண்ணிவிடக் கூடாது. சட்டப்படி மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான். பதில் கொடுக்கும்போது எந்த வாதத்தை முதலில் வைக்கிறோம் என்பது முக்கியம். முதல் பதிலில் ஒப்புக்கொண்டதை மேல்முறையீட்டில் மறுப்பது மிகக் கடினம். ஆகவே முதல் பதிலை வக்கீலும் ஆடிட்டரும் சேர்ந்து பார்த்து அனுப்புவதே முறை.

யாரிடம் போவது? ஜி.எஸ்.டி. அதிகாரி முன் வக்கீல், ஆடிட்டர், காஸ்ட் அக்கவுன்டன்ட், பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர், நம் முழுநேர ஊழியர், உறவினர்கூட ஆஜராகலாம். உயர் நீதிமன்றத்தில் வக்கீல்தான் வாதாட முடியும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வக்கீலிடம் தொழில் முறையில் சொன்னதை நம் சம்மதமின்றி அவர் வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு ஆடிட்டரிடம் சொன்னதற்குக் கிடையாது. குற்றத்தை மறைக்க உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு வக்கீலிடமும் இல்லை. ரீஃபண்ட் வாங்கித் தந்தால் அதில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் ஜாக்கிரதை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. அதனால் நல்லவர் யார் என்பதைச் சக வணிகர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் நாள் போகும்போது கடைசி மூன்றாண்டு ரிட்டர்ன்கள், பங்குப் பத்திரம், வாடகைப் பத்திரம், பெரிய சப்ளையர்கள் ஐந்து பேரின் பில்களும் அவர்களுக்குப் பணம் போன பாங்கி ஸ்டேட்மென்டும், எல்லைக்கு அப்பால் சரக்கு வாங்கும் வாடிக்கையாளர்களின் பட்டியல், ஈ-வே பில் நகல்கள், இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பினால் இன்னும் நல்லது.